தோட்டாவும் தேவையும்



சென்ற கோடை விடுமுறையிலே ஒரு மாலை, அம்பத்தூரில் எங்கள் தெருவில் வாழும் மாணவன் ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். கல்லூரியில் முதலாண்டு படிப்பவன். தேசிய மாணவர் படையிலும் சேர்ந்திருப்பவன். "ஐயா, துப்பாக்கித் தோட்டாக்களிலே 'மாக்னம்' என்று ஒன்று உண்டாமே, மற்றவற்றினும் அது வலிமை மிக்கதாமே! பயிற்சிக்கும் வேட்டைக்கும் தற்காப்புக்கும் அது ஒன்றே போதாதா?" என்று கேட்டான். திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு நேரே வந்திருக்கிறான் என்பது அவன் குரலிலேயே தெரிந்தது.

"இதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று சொல்லி நான் அவனை அனுப்பியிருக்கலாம். ஆனால், மாணவனுடைய கேள்வியை மூடிவிடாதே என்பதே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற முதற்பாடம். மூடப்பட்ட கேள்வி வேறோர் இடத்தில் விடை தேடும். அவ்விடம் நல்லிடமாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நான் படைவீரன் அல்லேன், இயற்பியல் கற்பித்தவன், பள்ளியிலே தேசிய மாணவர் படைப் பிரிவைச் சில ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தியவன். அந்த அளவில் நான் அறிந்து அவனுக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்லுகிறேன்.

முதலில் தோட்டா என்பது யாது என்று காண்போம். பலர் தோட்டாவையும் குண்டையும் ஒன்றென நினைக்கின்றனர். அவை ஒன்றல்ல. தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு. பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடியில் சிறிய கேப்பு ஒன்று. கூட்டின் உள்ளே வெடிமருந்து. வாயிலே செருகப்பட்ட குண்டு. விசையை இழுத்தால் ஊசி கேப்பைத் தட்டுகிறது. கேப்பு பொறி தருகிறது. மருந்து நொடிப்பொழுதில் எரிந்து வாயுவாகிறது. அவ்வாயு குண்டை மட்டும் முன்னே தள்ளுகிறது. கூடு பின்னே தங்கிவிடும். இந்த மருந்துக்குப் பெயர்பெற்ற ஊர் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. குன்னூருக்கு அருகில் அரவங்காட்டிலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பெற்ற கார்டைட் தொழிற்சாலையை, உதகைக்கு மலை ரயிலில் செல்வோர் வழியில் காணலாம். தோட்டா செய்யும் தொழிற்சாலையோ புனேக்கு அருகில் கட்கியில் 1869ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது.

இனி, தோட்டாவின் பெயரில் வரும் எண்ணைப் பார்ப்போம். பாயிண்ட் 22 என்றால் குண்டின் விட்டம் ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு, அதாவது 5.6 மில்லிமீட்டர். நீங்கள் மாணவர் படையிலே சுடுவது இதைத்தான். மாக்னம் என்று அந்த மாணவன் கேட்டது பாயிண்ட் 357 மாக்னம். அதன் குண்டு 9 மில்லிமீட்டர் விட்டமுடையது. அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார் 1935ஆம் ஆண்டில் இதை ரிவால்வருக்கென வெளியிட்டனர். அதற்கு முன்பே அங்கே காவலர்கள் வைத்திருந்தது 38 ஸ்பெஷல் என்னும் தோட்டா. அதன் கூட்டையே மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டி, உள்ளே அழுத்தத்தைப் பெருக்கிச் செய்ததுதான் மாக்னம். இலத்தீன் மொழியிலே 'பெரியது' என்று பொருள்படும் சொல் அது. மேல்நாட்டில் பெரிய மதுக்குப்பிக்கு வழங்கிய அப்பெயரைத் தோட்டாவுக்கும் இட்டனர்.

கூட்டை ஏன் நீட்டினர்? மருந்துக்கு இடம் வேண்டி அன்று. பழைய 38 ரிவால்வரின் துளையிலே இந்த வலிய தோட்டா தவறியும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே நீட்டினர். நுழைந்தால் பழைய உருளை வெடித்துச் சுடுபவன் கையையே சிதைக்கும். மாக்னம் ரிவால்வரில் 38 ஸ்பெஷல் தோட்டாவை இடலாம். 38 ரிவால்வரில் மாக்னம் தோட்டாவை இடலாகாது. இந்த ஒரு விதியை நன்றாக நினைவில் வையுங்கள். என் பேச்சின் சாரம் ஏறக்குறைய இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

வலிமையைக் கணக்காலே காண்போம். நிறையில் பாதியைத் திசைவேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல் வரும் என்று படித்திருக்கிறீர்கள். 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்தை ஒருவர் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் அதன் ஆற்றல் 128 ஜூல். பாயிண்ட் 22 குண்டு 2.6 கிராம்தான், நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 140 ஜூல். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! பந்து ஏன் தோலைக் கன்றச் செய்வதோடு நிற்கிறது, குண்டு ஏன் உயிரைக் குடிக்கிறது? பந்தின் ஆற்றல் உள்ளங்கையளவு பரப்பிலே பரவுகிறது; குண்டின் ஆற்றல் பயற்றளவு இடத்தில் குவிகிறது. ஆகவே "சின்னத் தோட்டாதானே" என்று எவரும் ஏளனம் செய்தல் கூடாது. மாக்னத்தின் 10 கிராம் குண்டோ நொடிக்கு 376 மீட்டர் வேகத்தில் 700 ஜூலுக்கு மேல் சுமந்து செல்கிறது. அதன் தம்பியாகிய 38 ஸ்பெஷல், அதே எடையுள்ள குண்டை ஏறத்தாழ 270 ஜூல் ஆற்றலோடு அனுப்புகிறது.

இவ்வளவு வலிமை எதற்கு வேண்டும்? இங்கேதான் அந்த மாணவன் குறிப்பிட்ட மூன்று தேவைகளையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும்.

முதலாவது பயிற்சி. குறிபார்த்துச் சுடப் பழகுவோனுக்குப் பகைவன் எதிரே நிற்பவன் அல்லன். தன் கை நடுக்கமே அவனுக்குப் பகை. துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் என்ற அச்சத்தால், விசையை இழுக்கும் முன்பே கண் மூடும், தோள் சுருங்கும், குழாய் தாழும். ஓசையும் உதையும் மிகுந்த தோட்டாவில் தொடங்குகிறவன் இந்தக் கெட்ட பழக்கத்தையே முதலில் கற்கிறான். அதனால்தான், மாக்னம் ரிவால்வர் வைத்திருக்கும் மேல்நாட்டாரும் பயிற்சிக்குப் பெரும்பாலும் 38 ஸ்பெஷல் தோட்டாவையே அதில் இடுகின்றனர். அதிலும் முனை தட்டையான ஈயக் குண்டை விரும்புகின்றனர். கூர்முனைக் குண்டு தாளைக் கிழித்துச் செல்லும். தட்டை முனைக் குண்டோ அலுவலகத்திலே காகிதத்துக்குத் துளையிடும் கருவி போலச் செவ்வையான வட்டத்தை வெட்டும். மதிப்பெண் இடுவதில் ஐயம் இராது. குட்டையான தோட்டாவைத் தொடர்ந்து சுட்டால் உருளைத் துளைக்குள் கரி வளையம் படியும். நீண்ட தோட்டாவை மீண்டும் இடுமுன் அதைத் துடைத்து நீக்குதல் வேண்டும். முடிவில் சில மாக்னம் தோட்டாக்களையும் சுட்டுக் கையைப் பழக்குவர். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உண்ணமாட்டார்கள். காதை மூடாமல் சுடமாட்டார்கள்.

வேறொரு செய்தியையும் கேளுங்கள். ஒலிம்பிக் பந்தயத்திலே தனியொருவராக இந்தியாவுக்கு முதல் தங்கப் பதக்கம் வென்று தந்தவர் அபினவ் பிந்த்ரா; 2008ஆம் ஆண்டு, பெய்ஜிங் நகரில். அவர் சுட்டது காற்றுத் துப்பாக்கியால்! அதன் ஈய ரவையின் எடை ஏறத்தாழ அரைக் கிராம். ஆற்றல் எட்டு ஜூல் அளவுதான். பத்து மீட்டர் தொலைவிலுள்ள குறியின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர் விட்டமுடையது. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் இலண்டனில் வெண்கலம் பெற்றதும், மனு பாக்கர் 2024இல் பாரிசில் இரண்டு வெண்கலம் பெற்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்றதும் இத்தகைய காற்று ஆயுதங்களாலேதான். மாக்னத்தின் ஆற்றலிலே நூற்றில் ஒரு பங்கு ஆற்றல். அதைக் கொண்டு அவர்கள் பெற்றது உலகப் புகழ். திறமை தோட்டாவில் இல்லை. மூச்சை அடக்கி நிற்கும் மனத்தில் இருக்கிறது.

பயிற்சியிலே இன்னொன்று உண்டு. அதை என் தவற்றினாலேயே கற்றேன். நான் பள்ளி மாணவனாக இருந்தபோது, ஆவடிப் பக்கத்திலே ஒரு சுடுதளத்துக்கு எங்கள் படைப் பிரிவை அழைத்துச் சென்றார்கள். ஆளுக்கு ஐந்து தோட்டா. நான்காவது தோட்டாவுக்கு விசையை இழுத்தேன், 'டக்' என்ற ஓசை மட்டும் வந்தது, வெடிக்கவில்லை. "சார், வெடிக்கவில்லை!" என்று சொல்லிக்கொண்டே துப்பாக்கியோடு திரும்பிவிட்டேன். ஹவில்தார் ஒரே தாவலில் வந்து குழாயைப் பிடித்து மண்ணை நோக்கி அழுத்தினார். அரை நிமிடம் அப்படியே வைத்திருந்தார். பிறகு தோட்டாவை வெளியே எடுத்தார். என்னை அடிக்கவில்லை, உரக்கப் பேசவும் இல்லை. "பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எண்ணிச் சொல் தம்பி" என்றார். எண்ணினேன். பதினான்கு பேர். கேப்பு தட்டப்பட்ட பிறகு சற்றுத் தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். வெடிக்காவிட்டால் துப்பாக்கி குறியை நோக்கியே இருக்கவேண்டும்; ஒரு கையை உயர்த்தவேண்டும்; காத்திருக்கவேண்டும். இவ்வளவே விதி. அந்தப் பதினான்கு முகங்களை ஐம்பது ஆண்டுகளாக நான் மறக்கவில்லை.

குண்டு குறியோடு நின்றுவிடும் என்று எண்ணுவது பெரும் பிழை. பாயிண்ட் 22 குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் பறக்க வல்லது. நாம் கால்மணி நேரம் விரைந்து நடந்தால்தான் அத்தொலைவைக் கடப்போம். மாக்னம் குண்டு இரண்டு கிலோமீட்டர் அளவும் செல்லும். இராணுவத் துப்பாக்கியின் குண்டு அதற்கு அப்பாலும் செல்லும். புதுக்கோட்டை மாவட்டத்திலே நார்த்தாமலைக்கு அருகிலுள்ள சுடுதளத்தில் 2021ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் பயிற்சி நடந்தது. அன்று, தன் பாட்டனார் வீட்டிலே இருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்தது. மருத்துவர்கள் முயன்றும், 2022 ஜனவரி 3ஆம் நாள் அவன் இறந்தான். அவன் போரிலே இல்லை; வேட்டையிலே இல்லை; விளையாட்டுத் திடலிலும் இல்லை; வீட்டிலே இருந்தான். சுடுதளத்தின் பின்னே உயர்ந்த மண்மேடு எழுப்புவதும், சுற்றிலும் மனைகள் பெருகும் போது தளத்தை ஆராய்வதும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை இதற்கு மேல் விளக்கவேண்டுவதில்லை. ஆவடியைச் சுற்றிலும் காவற்படைகள் தங்கியிருக்க, இடையிடையே வீடுகள் பெருகிவரும் இந்தப் பகுதியில் வாழும் நாம் இதை எண்ணிப் பார்த்தல் நலம்.

இரண்டாவது தேவை வேட்டை. மேல்நாட்டிலே சிலர் மாக்னம் ரிவால்வரைக் கொண்டு மானை வேட்டையாடுகின்றனர். அவர்களுக்கும் ஓர் அறம் உண்டு: விலங்கு வதைபடாமல் விரைந்து வீழவேண்டும். எடை மிகுந்த, ஆழமாகச் செல்லும் குண்டை அதற்காகவே தேர்வர். தற்காப்புக்கென்று செய்த இலேசான குண்டு தோலுக்கு அடியிலேயே சிதறி, விலங்கு காயத்தோடு ஓடிப்போய் நாட்கணக்கில் துடித்துச் சாக நேரும் என்பதனால் அதைத் தவிர்ப்பர்.

நம் நாட்டிலோ இந்தக் கேள்விக்கே இடமில்லை. செங்கற்பட்டுப் பகுதியிலே வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைப் படைவீரர்கள் சுட்டுவந்த போது, உழவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீரே தம் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1798ஆம் ஆண்டில் ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்புப் பத்திரம் எழுதித் தந்தார். நீலகிரியிலே வேட்டைக்காரர்களால் வரையாடு அருகிய பின், 1879ஆம் ஆண்டில் வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட ஜிம் கார்பெட் பிற்காலத்தில் துப்பாக்கியை விடக் கேமராவையே விரும்பி ஏந்தினார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை வெகுவாகக் குறைத்தது. உரிமம் பெற்று வேட்டையாடும் முறைக்கும் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் முடிவு கட்டியது. ஆகவே வேட்டைக்கு எந்தத் தோட்டா என்று கேட்டால், இந்திய மாணவனுக்கு விடை ஒன்றே: எதுவும் இல்லை.

மூன்றாவது தற்காப்பு. இதிலேதான் மயக்கம் மிகுதி. கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் என்னும் ஊர் இருக்கிறது. 1890களில் அங்கிருந்த ஆயுதச் சாலையிலே, பட்டதும் விரிந்து அகலும் குண்டைச் செய்தார்கள். அது உண்டாக்கிய காயத்தின் கொடுமையைக் கண்டு, 1899ஆம் ஆண்டு ஹேக் நகரில் கூடிய மாநாடு, போரில் விரியும் குண்டைப் பயன்படுத்தலாகாது என்று பிரகடனம் செய்தது. ஆனால் இன்று பல நாடுகளில் காவலர்கள் முனையில் குழியுள்ள விரியும் குண்டையே வைத்திருக்கின்றனர். ஏன் இந்த முரண்? போர்க்களத்திலே எதிரே நிற்பவன் படைவீரன். கடைத்தெருவிலோ குற்றவாளியின் பின்னே குழந்தை நிற்கலாம். குண்டு விரிந்தால் உடலிலேயே தங்கும். விரியாவிட்டால் துளைத்துக்கொண்டு அடுத்தவரையும் தாக்கும். ஒரே குண்டு ஓரிடத்தில் கொடுமையாகவும் மற்றோரிடத்தில் எச்சரிக்கையாகவும் ஆகிறது.

மாக்னத்தை வீட்டுக்குள் சுட்டால் என்ன ஆகும்? செவிப்பறை நோகும், இருளில் எழும் பெருஞ்சுடர் கண்ணைக் கூசச் செய்யும், உதையால் கை மேலெழும்ப, அடுத்த குறி தவறும், குண்டு மெல்லிய தடுப்பைத் துளைத்து அடுத்த அறைக்கும் போகும். அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் நம் வீடுகள் எப்படி இருக்கின்றன? ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுத் தொட்டில் ஆடுகிறது. வலிமை மிகுந்த தோட்டா அங்கே பாதுகாப்பன்று, ஆபத்தே. அதனால், மாக்னம் வைத்திருப்போரிலும் பலர் வீட்டுக்கென்று 38 ஸ்பெஷலையே இட்டு வைக்கின்றனர்.

நம் சட்டமும் இதையே சொல்லுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, தற்காப்பு உரிமையை ஒப்புக்கொள்ளுகிறது. ஆனால் காத்துக்கொள்வதற்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்ய அவ்வுரிமை இடந்தராது என்று வரம்பு கட்டுகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இவ்வரம்பு இருந்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் துப்பாக்கி மட்டுமன்று, தோட்டா வைத்திருப்பதும் குற்றம். 21 வயது நிறையாதவருக்கு உரிமம் இல்லை. பயிற்சிக்கு மட்டும், மேற்பார்வையில், விதிவிலக்கு உண்டு. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதையும் உரிமச் சீட்டே வரையறுக்கும். 2022 ஜனவரி முதல் நம் பகுதி ஆவடி மாநகரக் காவல் ஆணையர் எல்லைக்குள் வந்திருக்கிறது. எங்கேனும் தோட்டா கிடக்கக் கண்டால் எடுத்துச் சட்டைப்பையில் போடாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லிக் காவல் நிலையத்துக்கு அறிவியுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்த மாணவன் விடவில்லை. "ஐயா, ஆவடியிலே டாங்கி செய்கிறார்களே, அங்கே பெரிய குண்டுதானே சிறந்தது?" என்றான். நல்ல கேள்விதான். ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை 1961 முதல் இருக்கிறது. அங்கே செய்யப்படும் அர்ஜுன் டாங்கியின் பீரங்கி 120 மில்லிமீட்டர் விட்டமுடையது. அதற்குக்கூட ஒரே வகைக் குண்டு இல்லை. எதிரி டாங்கியின் இரும்புக் கவசத்தைத் துளைக்க அம்பு போன்ற ஒன்று, அரண்களைத் தகர்க்க வேறொன்று, பயிற்சிக்கு மற்றொன்று. அவ்வளவு பெரிய பீரங்கியும் வேலைக்குத் தக்கதைத்தான் கேட்கிறது.

"அப்படியானால் சிறந்த தோட்டா எது?" என்றான் இறுதியாக. "எடுத்த வேலைக்குப் போதுமானதாக இருந்து, அதற்கு மேல் போகாதது எதுவோ அதுவே" என்றேன்.

சில வாரங்களுக்குப் பின் முகாமுக்குச் சென்று திரும்பியவன், வீட்டுக்குள் நுழையும் போதே சொன்னான்: "ஐயா, மூன்றாவது தோட்டா வெடிக்கவில்லை. திரும்பாமல் கையைத் தூக்கினேன்." எத்தனை குண்டு குறியில் பட்டது என்று நான் கேட்கவில்லை. அவன் தேறிவிட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.